மூன்றாம் நாள் காலை

வாசகர் கேள்வி – பதில்

ஊருக்கு வெளியே ஒரு சிறு வீட்டை ஐந்து நாளுக்கு வாடகைக்கு எடுத்து, படித்தும் எழுதியும் விட்டு வரும் என் பழக்கத்தைப் பற்றி இந்தப் பகுதியில் முன்பு நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. பாதிக்கு மேல் பெண்கள் எழுதியவை. மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை குடில் விடுமுறை பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அம்மா, ஒரு சிறுகதைத் தொகுப்பை முடித்துவிட வேண்டும் என்று சென்ற ஆண்டு ஒரு சனி, ஞாயிறு பார்த்து வயல்வெளிக்கு நடுவே ஒரு குடிலில் தங்கினேன். ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அரைகுறையாகத் தூங்கினேன், சுற்றிப் பார்த்தேன், திரும்பிவிட்டேன். எனக்கு எழுத்து வராது என்பதுதான் இதற்குப் பொருளா?
– ஒரு பள்ளி ஆசிரியை

இல்லை. இரண்டு இரவு போதவில்லை, அவ்வளவுதான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என்னுடைய முதல் இரண்டு மூன்று பயணங்கள் நினைவுக்கு வந்தன. நானும் வெள்ளி இரவு போய் ஞாயிறு மாலை திரும்பி, கொண்டுபோன வெள்ளைத் தாள்களை அப்படியே அலமாரியில் வைத்தவள்தான்.

புது இடத்தில் முதல் இரவு சரியாகத் தூக்கம் வராததற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். புதிய இடத்தில் உறங்கும் முதல் இரவில் மூளையின் இடது பாதி, வலது பாதியைப் போல ஆழ்ந்து உறங்குவதில்லை. சிறு ஓசைக்கும் எழுந்துகொள்ளும் நிலையில் அது காவல் இருக்கிறது. அதே இடத்தில் மறுபடி உறங்கும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. சனி இரவு முழுக்கக் காவல் காத்த தலையோடு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கதை எழுத உட்கார்ந்தீர்கள். எழுதியிருந்தால்தான் ஆச்சரியம்.

17 ஆண்டுகளாகப் போய் வருகிறேன். எனக்கு நாட்கள் நகரும் விதம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். முதல் நாள், சாமான்களை எடுத்துவைப்பதிலும் மேசையை இடம் மாற்றுவதிலும் போய்விடும். இரண்டாம் நாள்தான் கொடுமை. அன்று பிற்பகல் மூன்று மணியைப் போல நீளமான மணி என் வாழ்க்கையில் வேறு இல்லை. வெளியே வெயில் அசையாமல் நிற்கும். கொண்டுவந்த புத்தகத்தில் ஒரே பத்தியை நான்கு முறை படித்திருப்பேன். யாராவது தொலைபேசியில் அழைக்க மாட்டார்களா என்று இருக்கும். ஒரு முறை அந்த நேரத்தில் குடிலிலிருந்த கரண்டிகளை எல்லாம் எடுத்துக் கழுவித் துடைத்து அடுக்கினேன். இன்னொரு முறை பையைக் கட்டி வாசல் வரை வந்துவிட்டேன். பலர் அங்கிருந்து திரும்புவதும் இந்தப் பிற்பகலில்தான்.

அதைத் தாண்டிவிடுங்கள். எழுதத் தேவையில்லை, படிக்கத் தேவையில்லை, திரும்பிப் போகாமல் இருந்தால் போதும். மூன்றாம் நாள் காலை விடிவதற்கு முன் விழிப்பு வரும். இருட்டில் கை நீளும், விளக்கின் சுவிட்ச் தட்டுத் தடுமாறாமல் விரலில் அகப்படும். அந்த ஒரு சின்ன விஷயத்தில் எனக்குத் தெரிந்துவிடும், உடம்பு அந்த வீட்டை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று. அன்று காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை நான் எழுதும் பக்கங்கள், வீட்டில் இரண்டு மாதம் எழுதுவதற்குச் சமம். இதற்குப் பிறகு நான் எழுதப்போகும் பதில்கள் எல்லாமே அந்த ஒரு காலையைக் காப்பாற்றுவது பற்றித்தான்.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தொகுப்பை முடிக்கப் போகாதீர்கள். பாதியில் நிற்கிற ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளைத் தாளோடு போகிறவருக்கு மூன்றாம் நாள் காலையில் என்ன எழுதலாம் என்ற யோசனையே மதியம் வரை ஓடும். பாதிக் கதை கையில் இருந்தால் விட்ட வரியிலிருந்து தொடங்கிவிடலாம். ஹெமிங்வே, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும் என்று இளம் எழுத்தாளர்களுக்குச் சொல்லிவந்தார். புறப்படுவதற்கு முந்தின வாரம் வீட்டில் அப்படி நிறுத்திவிட்டு வாருங்கள். ஐந்து நாள் கிடைக்காவிட்டால் நான்கு இரவு. அதற்குக் குறைந்தால் அது ஓய்வுக்கான பயணம். ஓய்வும் நல்லதுதான், ஆனால் அதிலிருந்து கதையை எதிர்பார்த்து உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

படங்களைப் பார்த்தால் எல்லாக் குடில்களும் அழகாகத்தான் இருக்கின்றன. முன்பதிவு செய்யும்போது எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?
– ஒரு வாசகர்

முதலில் ஓசை. "அமைதியான இடமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லா உரிமையாளர்களும் ஆம் என்பார்கள், மனதறிந்து பொய் சொல்லவும் மாட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த வீட்டுக்குப் பின்னால் நாற்பது அடியில் ஒரு தண்ணீர் மோட்டார் இருந்தது. காலை நாலரைக்குத் தொடங்கி ஏழு வரை ஓடும். உரிமையாளரிடம் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்தது உண்மையான வியப்பு. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தோடு வாழ்கிறவர் காதில் அது விழுவதே இல்லை. என் மூன்றாம் நாள் காலை அந்த மோட்டாரோடு போயிற்று. அன்றிலிருந்து நான் கேட்கும் கேள்வி இதுதான்: "காலை ஐந்து மணிக்கு வாசலில் நின்றால் என்னென்ன கேட்கும்?" இப்படிக் கேட்டால் யோசித்துச் சொல்வார்கள். மோட்டார், நாய், லாரி போகிற சாலை, பக்கத்தில் நடக்கிற கட்டட வேலை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். பக்கத்துக் குடிலில் யார் தங்கப்போகிறார்கள் என்றும் கேளுங்கள்.

அடுத்தது மேசை. இதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. குடில்களில் சோபா இருக்கும், ஊஞ்சல் இருக்கும், முழங்கால் உயரத்துக்கு ஒரு டீப்பாய் இருக்கும். உட்கார்ந்து எழுத 28 முதல் 30 அங்குல உயரத்தில் ஒரு மேசையும், கைப்பிடி இடிக்காத ஒரு நாற்காலியும் இருக்காது. அவற்றின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், நீங்கள் பணம் கொடுப்பதே அந்த மேசைக்குத்தான். ஆடுகிற மேசையாக இருந்தால் ஒரு தாளை எட்டாக மடித்து எந்தக் காலுக்குக் கீழே இடைவெளியோ அங்கே செருகிவிடுங்கள். போனதும் நான் செய்யும் முதல் வேலை அது. ஒவ்வொரு வரிக்கும் மேசை ஒரு முறை தலையசைத்தால் எழுதுகிறவர் பொறுமை எத்தனை பக்கம் தாங்கும்?

விளக்கையும் நம்பிப் போகாதீர்கள். மங்கிய மஞ்சள் பல்புகள் படத்துக்கு நன்றாக இருக்கும், அவற்றின் கீழே பத்துப் பக்கம் படித்தால் கண் எரியும். நீளமான வயர் உள்ள ஒரு மேசை விளக்கைத் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்துப் போகிறேன். 27 ஆண்டு மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தவள், கண்ணின் அருமை எனக்குத் தெரியும். வலது கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கை நிழல் எழுதும் வரியிலேயே விழும். மேசையைச் சுவரோடு போட்டு, ஜன்னல் இடப்பக்கம் வருமாறு திருப்பிக்கொள்ளுங்கள். பெர்னார்ட் ஷா இங்கிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்த எழுதும் குடில், சுழலும் மேடைமேல் கட்டியது. வெயில் நகர நகர அவர் குடிலையே தள்ளித் திருப்பிக்கொள்வார். நமக்கு மேசையைத் திருப்பினால் போதும்.

எத்தனை புத்தகங்கள் எடுத்துப் போகலாம்? நான் போன முறை பதினாறு கொண்டுபோய் இரண்டு படித்தேன்.
– ஓய்வு பெற்ற ஒருவர்

மூன்று போதும். எழுதவும் போகிறீர்கள் என்றால் அவற்றில் ஒன்று அகராதியாக இருக்கட்டும், அச்சுப் புத்தகமாகவே இருக்கட்டும். ஒரு சொல்லுக்காகக் கைப்பேசியைத் திறந்தவர் அரை மணி நேரம் கழித்துத்தான் அந்தச் சொல்லுக்குத் திரும்புவார். மற்றொன்று முன்பே படித்துப் பிடித்த புத்தகம். சொன்னேனே, அந்த இரண்டாம் நாள் பிற்பகலுக்கு அதுதான் துணை. புதுப் புத்தகம் அந்த நேரத்தில் மனதில் ஒட்டாது. மூன்றாவது, நீங்கள் எழுதுவதற்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று. நாவல் எழுதுகிறவர் நாவலைக் கொண்டுபோனால் அந்த நடை கையில் தொற்றிக்கொள்ளும். பறவைகள் பற்றியோ பாலம் கட்டுவது பற்றியோ படியுங்கள்.

படிப்பதை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பிறர் எழுத்தைப் படித்துவிட்டு என் தாளுக்கு வந்தால், நான் எழுதும் வாக்கியம் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கைப்பேசியை என்ன செய்வது?
– மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்

அணைத்து, பையில் போட்டு, எழுதும் அறையில் இல்லாத அலமாரியில் வையுங்கள். மாலையில் ஒரு முறை வாசலில் நின்றபடி பேசுங்கள், உட்கார்ந்தால் பேச்சு நீளும். அவசரத்துக்குக் குடில் உரிமையாளரின் எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு அழைப்பு வருமோ என்ற எண்ணம் இல்லாமல் போனால்தான் காது ஓயும்.

என் கணவருக்கும் புத்தகப் பித்து உண்டு. சேர்ந்தே போகலாமா, அம்மா? தனியாகப் போனால்தான் எழுத்து வரும் என்று தோழி சொல்கிறாள்.
– ஒரு வாசகி

தாராளமாகப் போகலாம். உங்கள் தோழிக்கு ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். கிராஸ்மியர் என்ற ஏரிக்கரை ஊரில் ஒரு சிறிய குடிலுக்கு 1799 டிசம்பரில் அவர் குடிவந்தபோது கூடவே தங்கை டோரதியும் வந்தார். 1802-இல் மேரியை மணந்த பிறகு மூன்று பேர், அப்புறம் குழந்தைகள். அந்த நெரிசலுக்குள்தான் அவருடைய மிகச் சிறந்த கவிதைகள் பல பிறந்தன. 1802 ஏப்ரல் 15 அன்று அண்ணனும் தங்கையும் இன்னொரு ஏரிக்கரையில் நடந்தபோது காற்றில் ஆடும் டாஃபடில் பூக்களைப் பார்த்தார்கள். டோரதி அதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பூக்கள் சில, களைத்துப்போய்க் கல்மேல் தலை சாய்த்திருந்தன என்றுகூட எழுதியிருக்கிறார். வேர்ட்ஸ்வொர்த் அந்தப் பூக்களைப் பற்றிய கவிதையை எழுதியது இரண்டு ஆண்டுகள் கழித்து. அதிலும், தனிமையின் பேரின்பத்தைச் சொல்கிற இரண்டு வரிகள் மனைவி மேரி தந்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். தனிமையைப் பாடும் வரிகளைக் கூட இருந்தவர் தந்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

ஆனால் சில ஏற்பாடுகளைப் புறப்படுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். இரண்டு மேசை, முடிந்தால் இரண்டு அறை. மதியம் வரை பேச்சில்லை, "தண்ணீர் வேண்டுமா" என்பதுகூட இல்லை. சமையல் ஒரு நாள் உங்களுடையது என்றால் மறுநாள் அவருடையது, மூன்றாம் நாள் கட்டாயம் அவருடையது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்கு வந்த கடிதங்களில் ஐந்தாறு பெண்கள், கணவரோடு குடிலுக்குப் போய் வீட்டில் செய்த வேலையை இன்னும் வசதி குறைந்த சமையலறையில் செய்துவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்கவே வருத்தமாக இருந்தது.

அன்று எழுதியதை அன்றே வாசித்துக் காட்டாதீர்கள். அன்பானவர் முகத்தில் ஒரு நொடி தெரியும் சலிப்பு போதும், மறுநாள் எழுத்து நின்றுவிடும்.

தனியாகப் போக ஆசை. இரவை நினைத்தால் பயமாக இருக்கிறது. எவ்வளவு ஒதுக்குப்புறமாக இருந்தால் நல்லது?
– ஒரு கல்லூரி மாணவி

நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவாக. வால்டன் குளக்கரையில் அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1845 ஜூலை 4 அன்று குடியேறிய குடில், கான்கார்டு ஊரிலிருந்து ஒன்றரை மைல் தூரம்தான். ஓரிரு நாளுக்கு ஒரு முறை ஊருக்குள் நடந்துபோய் நாலு பேரோடு பேசிவிட்டு வருவார். பத்தடிக்குப் பதினைந்தடி அறையில் நாற்காலி மூன்று வைத்திருந்தார், வருகிறவர்கள் உட்கார வேண்டுமே. இரண்டு ஆண்டு, இரண்டு மாதம் அங்கே அவர் இருக்க முடிந்ததற்கு அந்த ஒன்றரை மைலும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

மறுபக்கம் ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல் இருக்கிறார். 1946-இல் ஸ்காட்லாந்தின் ஜுரா தீவில், கரடுமுரடான பாதையின் கோடியில் இருந்த ஒரு பண்ணைவீட்டுக்குப் போனார். அங்கேதான் தன் கடைசி நாவலான ‘1984’-ஐ எழுதினார். காசநோய் முற்றி மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு மறுபடி அங்கேயே திரும்பினார். தட்டச்சு செய்ய அவ்வளவு தூரம் வர ஆள் கிடைக்காமல், 1948 இறுதியில் நோயோடு படுக்கையில் உட்கார்ந்து முழு நாவலையும் தானே தட்டச்சு செய்தார். 1950 ஜனவரியில் இறந்துவிட்டார். அந்த நாவலின் பெருமையைப் பேசும்போது இந்தப் படுக்கையையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் உங்களுக்கு என் பதில்: கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொரு வீடு, போகக்கூடிய தூரத்தில் மருத்துவர், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு. இவை இருக்கிற இடமாகப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். இருட்டுவதற்குள் வீட்டை ஒரு முறை சுற்றி வந்து, எந்த ஜன்னல் காற்றில் அடிக்கிறது, எந்தக் கிளை கூரையில் உரசுகிறது என்று பார்த்துவிட்டால் இரவில் வரும் சத்தங்களுக்கெல்லாம் பெயர் இருக்கும். டார்ச் தலையணை பக்கத்தில். முதல் இரவு பயமாகத்தான் இருக்கும், அது உங்கள் இடது மூளையின் காவல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையில் இருக்கும் அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஐந்து நாள் வெளியே போவது இந்தப் பிறவியில் நடக்காது. உங்கள் கடிதப் பகுதியைப் படித்துவிட்டு அழுதேன். எனக்கு ஏதாவது வழி உண்டா?
– ஒரு வாசகி

உங்கள் கடிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டே இந்த இதழுக்கான எல்லாப் பதில்களையும் எழுதினேன். என் அம்மா படுக்கையில் இருந்த நான்கு ஆண்டுகளும் நான் எங்கும் போகவில்லை. அப்போது யாராவது குடில், ஏரிக்கரை என்று பேசினால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

வழி உண்டு. மாயா ஏஞ்சலோ தான் வாழ்ந்த ஊரிலேயே ஒரு விடுதி அறையை மாதக் கணக்கில் வாடகைக்கு எடுத்து வைத்திருப்பார். காலை ஆறரை மணிக்கு அங்கே போய்விடுவார், மதியம் வரை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். இரவில் அங்கே தங்குவதில்லை. சுவரில் மாட்டிய படங்களை எல்லாம் எடுத்துவிடச் சொல்வாராம், எதுவும் கண்ணை இழுக்கக் கூடாது என்று. வர்ஜீனியா வுல்ஃப் எழுதியது வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில். புல்வெளியைத் தாண்டி நடக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அவருடைய பயணம்.

உங்களுக்குத் தேவை ஐந்து நாள் அல்ல, தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்கார உறவினரையோ, நம்பிக்கையான அண்டை வீட்டாரையோ வாய் திறந்து கேளுங்கள். பெரும்பாலும் நாம் கேட்பதில்லை, அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறோம். நான் கேட்டபோது என் தங்கை, "இதைக் கேட்க உனக்கு இரண்டு வருஷமா?" என்றாள். இடம் உங்கள் வீடாக இருக்கக் கூடாது, அம்மா கூப்பிடும் குரல் எட்டாத இடமாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு தோழி வீட்டு மாடியில் பழைய சாமான்கள் போட்டிருந்த அறை கிடைத்தது. மடக்கு நாற்காலி ஒன்று, தையல் இயந்திரத்தின் மூடிய பலகை மேசை. மூன்று நாளும் ஒரே நேரம், ஒரே நாற்காலி. முதல் நாள் அழுதேன், இரண்டாம் நாள் தூங்கிவிட்டேன். மூன்றாம் நாள் நான்கு பக்கம் எழுதினேன், அம்மாவைப் பற்றி. அந்தப் பக்கங்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

குடிலில் எழுதும் வேகம் வீட்டுக்கு வந்த இரண்டே நாளில் நின்றுவிடுகிறது. அதை எப்படித் தக்கவைப்பது?
– ஒரு வாசகர்

கடைசி நாளைக் கசக்கிப் பிழியாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை எழுதிக்கொண்டிருந்து, அரக்கப் பரக்கப் பையைக் கட்டி ஓடினால் எழுத்து அங்கேயே தங்கிவிடும். கடைசி நாள் காலை பாதி வேலையோடு நிறுத்திவிட்டு, அடுத்து வர வேண்டிய வாக்கியத்தை ஒரு சிறு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய பக்கங்களை ஒரு வாரத்துக்குத் திருத்த வேண்டாம். திருத்தும்போது கீழ் வரியை ஓர் அளவுகோலால் மறைத்து, வாய்விட்டுப் படியுங்கள். கண் தாண்டிப் போகும் பிழையில் நாக்கு தடுக்கும்.

வீட்டுக்கு வந்த மறுநாள், குடிலில் விழித்த அதே நேரத்துக்கு எழுந்து, அந்த அட்டையில் இருக்கும் வாக்கியத்தைத் தாளில் எழுதுங்கள். அதற்குப் பின் ஒரு வரி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. துணிப் பையை அப்புறம் பிரிக்கலாம்.